கண் பார்ப்பவர்களுக்கும் குருட்டுப் புள்ளி உண்டு: தொடர்கல்வி ஓர் எளிய விளக்கம்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதிலிருந்து 8 செ.மீ. வலப்பக்கம் தள்ளி ஒரு கறுப்புப் பொட்டு வையுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். தாளைக் கை நீட்டிப் பிடித்து மெல்ல முகத்தருகே கொண்டுவந்தால், ஏறக்குறைய 30 செ.மீ. தூரத்தில் பொட்டு காணாமல் போகும். இன்னும் கிட்டே வந்தால் திரும்பவும் தெரியும்.

பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது. அதைத்தான் குருட்டுப் புள்ளி என்கிறோம். இதில் வேடிக்கை என்னவென்றால், பொட்டு மறைந்த இடத்தில் ஓட்டை ஏதும் தெரிவதில்லை. சுற்றியிருக்கும் வெள்ளையை வைத்தே மூளை அந்த இடத்தைப் பூசி மெழுகிவிடுகிறது. வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு கண்ணிலும் ஒரு துண்டு உலகம் விடுபட்டுக்கொண்டே இருக்கிறது. நமக்குத் தெரிவதே இல்லை. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்று விட்டதை மற்றது பிடித்துக்கொள்ளும்.

கண் சிகிச்சைத் துறையினருக்கான தொடர்கல்வி பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தத் தாள்தான் நினைவுக்கு வரும். "படிச்சு முடிச்ச டாக்டருக்கு எதுக்குங்க மறுபடியும் கிளாஸ்?" என்று ஒரு தரப்பு கேட்கும். "ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டா சர்டிபிகேட், அவ்வளவுதான்" என்று இன்னொரு தரப்பு சொல்லும். இப்படிச் சொல்பவர்களில் பலர் துறைக்குள்ளேயே இருப்பவர்கள். முதல் தரப்பு இதைப் பரீட்சை என்று நினைக்கிறது, இரண்டாவது தரப்பு சடங்கு என்று நினைக்கிறது. உண்மையில் இது இரண்டும் அல்ல. ஆனாலும் இரண்டாவது தரப்பு சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அதற்கும் வருகிறேன்.

## முதலில், யாருக்கு இது?

"கண் டாக்டர்" என்று எல்லோரையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உள்ளே குறைந்தது மூன்று வகையினர் உண்டு. கண் மருத்துவர், மருத்துவப் பட்டம் பெற்றபின் கண்ணில் சிறப்புப் படிப்பு படித்தவர். அறுவை சிகிச்சை அவர் வேலை. ஆப்டோமெட்ரிஸ்ட், பார்வையை அளந்து கண்ணாடிக்கோ கான்டாக்ட் லென்ஸுக்கோ பவர் எழுதுபவர். நோயின் அறிகுறி தெரிந்தால் உரிய இடத்துக்கு அனுப்புவார். சில நாடுகளில் அவரே மருந்தும் எழுதலாம். ஆப்டிஷியன், எழுதிய பவரை முகத்துக்குப் பொருந்தும் கண்ணாடியாக்கித் தருபவர்.

பல நாடுகளில் இவர்கள் தொழில் செய்ய வேண்டுமானால் பதிவு தேவை. பதிவு என்பது, இன்னார் இந்தத் தொழிலுக்குத் தகுதியானவர் என்று சட்டப்படி அமைந்த குழுமம் வைத்திருக்கும் பெயர்ப்பட்டியல். பட்டம் ஒரு முறை வாங்கினால் போதும், பதிவை மட்டும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். அப்படிப் புதுப்பிப்பதற்கு நிபந்தனையாக, பட்டம் வாங்கிய பிறகும் படித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று வைத்திருக்கும் ஏற்பாடுதான் தொடர்கல்வி. மருத்துவர்கள் வாயில் இது "சிஎம்இ", மற்றவர்கள் வாயில் "சிபிடி" அல்லது "சிஇ". பெயர்களுக்குள் நுட்பமான வேறுபாடுகள் உண்டு, தொடக்கத்தில் அவை தேவையில்லை.

## ஹாரன் அடிக்க ஆளில்லாத சாலை

இருபது வருடமாக ஒரே ஊரில் வண்டி ஓட்டும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு போவார் என்று சொல்லுமளவுக்கு ஊர் அத்துப்படி. ஒருநாள் அவர் போகும் தெரு ஒருவழிப் பாதையாக மாறிவிடுகிறது. அவருடைய ஓட்டும் திறமை துளியும் குறையவில்லை, சாலைதான் மாறிவிட்டது. பழக்க தோஷத்தில் எதிர்த்திசையில் நுழைந்தால், பத்தடி போவதற்குள் நாலு பேர் ஹாரன் அடித்துத் தெரியப்படுத்துவார்கள்.

கண் பரிசோதனை அறையில் அந்த ஹாரன் கிடையாது. இவ்வளவு நாள் சரியென்று இருந்த ஒரு சிகிச்சை முறை தவறென்று தெரியவந்தால், அது நோயாளிக்கு உடனே வலிக்காது. பார்வை மெல்ல மெல்லக் குறையும். அவர் வேறு இடத்துக்குப் போய்விடுவார், அல்லது வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். பார்த்தவருக்குக் கடைசிவரை சேதி வராது.

ஓர் உதாரணம். கிட்டப்பார்வை உள்ள குழந்தைக்கு முழுப் பவரையும் கொடுக்காமல் சற்றுக் குறைத்துக் கொடுத்தால், பவர் வேகமாக ஏறாது என்ற நம்பிக்கை இந்தத் தொழிலில் நெடுங்காலம் இருந்தது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். அக்கறையுள்ளவர்கள்தான் அப்படிச் செய்தார்கள். 2002இல் மலேசியாவில் 94 சிறுவர்களை வைத்து நடந்த இரண்டாண்டு ஆய்வு வெளியானது. முழுப் பவர் போட்ட பிள்ளைகளைவிட, குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குப் பவர் கூடுதலாக ஏறியிருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை என்றாலும், குறைத்துக் கொடுப்பதால் நன்மை என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

இதற்கிடையே வேறு கதவுகள் திறந்தன. அட்ரோபின் சொட்டு மருந்து கிட்டப்பார்வை ஏறுவதை மட்டுப்படுத்துகிறது என்று சிங்கப்பூர் ஆய்வு 2006இல் காட்டியது. மிகக் குறைந்த செறிவிலும் பலன் இருக்கலாம் என்று அதன் தொடர்ச்சி 2012இல் காட்டியது. குழந்தைகளின் கிட்டப்பார்வை ஏறும் வேகத்தைக் குறைப்பதற்கென்றே வடிவமைத்த கான்டாக்ட் லென்ஸ் ஒன்றுக்கு 2019இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. 1995இல் படிப்பை முடித்த ஒருவரின் பாடப்புத்தகத்தில் இதில் எதுவும் இருந்திருக்காது. அவர் மோசமானவர் அல்ல. அவர் கையில் இருப்பது பழைய வரைபடம், அவ்வளவுதான்.

விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் ஓசிடி கருவியையும் எடுத்துக்கொள்ளலாம். அந்த நுட்பம் ஆய்விதழில் முதலில் வெளியானது 1991இல். இன்று அந்தப் படம் இல்லாமல் விழித்திரை சிகிச்சையைக் கற்பனை செய்வதே கடினம். அதைப் படிக்கத் தெரிந்துகொண்ட மூத்தவர்களில் கணிசமானவர்கள் கல்லூரியை விட்டு வந்த பிறகுதான் கற்றார்கள்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: தொடர்கல்வி என்பது ஒருவர் கற்றதை மறந்துவிட்டாரா என்று சோதிப்பதற்காக ஏற்பட்டதல்ல. கற்றதே மாறிப்போகிறது, மாறியதைச் சொல்ல ஹாரன் இல்லை என்பதால் ஏற்பட்டது.

## புள்ளி, சுழற்சி, அங்கீகாரம்

விதிகளைப் படிக்கப் போனால் மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வரும். புள்ளி அல்லது கிரெடிட் என்பது கற்ற நேரத்தை எண்ணும் அலகு. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று. சுழற்சி என்பது அந்தப் புள்ளிகளைச் சேர்த்து முடிக்க வேண்டிய காலம். அங்கீகாரம் என்பது, இந்த வகுப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பொது அமைப்பு பாடத்தை முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் தருவது.

எண்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரிட்டனில் ஆப்டோமெட்ரிஸ்டுகள் மூன்றாண்டுச் சுழற்சியில் குறைந்தது 36 புள்ளி சேர்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு 20 மணி நேரம். மருந்து எழுதும் உரிமை பெற்றவர் என்றால் 30. இந்தியாவில் மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டின் நடத்தை விதிமுறை ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் என்கிறது. கண் மருத்துவர்களும் அதில் அடக்கம். அமெரிக்காவில் ஆப்டோமெட்ரிஸ்டுகளுக்கு மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு வேறு. அங்கே பல மாநிலங்கள் ஏற்கும் வகையில் பாடங்களைப் பரிசீலித்து அங்கீகரிக்கும் வேலையைச் செய்வது 'கோப்' என்ற அமைப்பு.

அமெரிக்கக் கண் மருத்துவர்களுக்கு இன்னொரு கதையும் உண்டு. அங்கே மருத்துவச் சிறப்புத் துறைகளில் முதன்முதலாகத் தகுதிச் சான்று வழங்கும் வாரியம் அமைத்துக்கொண்டது கண் மருத்துவம்தான், 1916இல். அந்தச் சான்று வெகுகாலம் ஆயுள் முழுக்கச் செல்லுபடியானது. 1992 முதல் பத்தாண்டு என்று காலவரம்பு வைத்துவிட்டார்கள். ஒரு முறை தேறினால் எப்போதும் தேறியவர் என்ற எண்ணத்தை அந்தத் துறையே கைவிட்டது அப்போதுதான்.

இந்த எண்களை ஒப்பிட்டு, எந்த நாட்டுக் கண் மருத்துவர் கெட்டிக்காரர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். காரணம் அடுத்த பகுதியில்.

## புள்ளி எதை அளக்கிறது, எதை அளக்காது

புள்ளி அளப்பது நேரத்தை. ஒருவர் ஓர் அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்பதை அது சொல்லும். அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பக் கேட்டாரா, தெரியாததைக் கற்றாரா, கற்றதை மறுநாள் செய்தாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

"கையெழுத்துப் போட்டா சர்டிபிகேட்" தரப்பின் நியாயம் இங்கேதான் இருக்கிறது. மருத்துவத் துறையினருக்கான கல்விக் கூட்டங்கள் பற்றிய 81 ஆய்வுகளை அலசிய ஒரு தொகுப்பாய்வு 2009இல் வந்தது. கூட்டங்களுக்குப் போனவர்களின் நடைமுறையில் முன்னேற்றம் இருந்தது. ஆனால் அது சுமார் 6 சதவீதப் புள்ளி அளவுக்குத்தான். வெறும் சொற்பொழிவைவிட, சொற்பொழிவோடு கலந்துரையாடலும் பயிற்சியும் சேர்ந்தால் பலன் கூடியது. கெட்டுப்போன நடைமுறை கல்விக் கூட்டத்தால் தலைகீழாக மாறிவிடும் என்பதும் பொய், ஒன்றுமே ஆகாது என்பதும் பொய்.

சரி, அப்படியானால் நேரத்தை எண்ணுவதை விட்டுவிட்டு, "உங்களுக்கு எது தேவையோ அதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடலாமே? படித்தவர்கள்தானே, அவர்களுக்குத் தெரியாதா?

தெரியாது என்பதுதான் சங்கடமான பதில். மருத்துவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே போட்ட மதிப்பெண்ணையும், வெளியிலிருந்து அளந்த மதிப்பெண்ணையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் ஒரு கட்டுரை வந்தது. 20 ஒப்பீடுகளில் 13இல் இரண்டுக்கும் பொருத்தம் மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை, அல்லது தலைகீழ். திறன் குறைந்தவர்களும் தன்னம்பிக்கை மிகுந்தவர்களும்தான் தங்களை மிகத் தவறாக எடைபோட்டார்கள். குருட்டுப் புள்ளிக்குள் விழுந்த பொட்டு, கறுப்பாகக்கூடத் தெரியவில்லை.

அனுபவம் இதைச் சரிக்கட்டிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. பணி அனுபவ ஆண்டுகளையும் சிகிச்சைத் தரத்தையும் ஒப்பிட்ட 62 மதிப்பீடுகளை 2005இல் ஒரு குழு தொகுத்தது. அவற்றில் பாதிக்கு மேல், 32இல், ஆண்டுகள் கூடக்கூடத் தரம் குறைந்ததாகவே வந்தது. கை பழகுவது வேறு, வரைபடம் புதிதாவது வேறு. கண்புரை அறுவையில் ஆயிரமாவது கண் முதல் கண்ணைவிட நன்றாக அமையும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. புதிதாக வந்த வழிகாட்டுதல் அந்தக் கையை மட்டும் வைத்துத் தெரிந்துவிடாது.

சுருக்கமாக: நேரம் ஒரு மட்டமான அளவுகோல். ஆனால் சுயமதிப்பீடு அதைவிட மட்டம். அதனால்தான் விதிகள் நேரத்தோடு வேறு சிலவற்றையும் கேட்கத் தொடங்கியிருக்கின்றன.

## உண்மையில் இது எப்படி வேலை செய்ய வேண்டும்

ஒரே ஓர் உதாரணத்தைக் கிட்டப்போய்ப் பார்ப்போம்.

ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின் என்று ஒரு மாத்திரை. முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்களுக்கு வருடக்கணக்கில் சாப்பிட வேண்டியது. நல்ல மருந்துதான், ஆனால் நீண்ட காலத்தில் விழித்திரையைப் பாதிக்கலாம். பாதிப்பு வந்தபின் மருந்தை நிறுத்தினாலும் போன பார்வை பொதுவாகத் திரும்பாது. எனவே முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும். அமெரிக்கக் கண் மருத்துவக் கழகத்தின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டுதல், நோயாளியின் உயரத்துக்கு ஏற்ற இலட்சிய எடையில் கிலோவுக்கு 6.5 மி.கி. என்று தினசரி உச்ச அளவைக் கணக்கிட்டது. 2016இல் அது உண்மையான எடையில் கிலோவுக்கு 5 மி.கி. என்று மாறியது. கூடவே, ஆசிய நோயாளிகளுக்குப் பாதிப்பு மையத்தைவிட்டுச் சற்று வெளியே தொடங்கக்கூடும், மையத்தை மட்டும் சோதித்தால் கோட்டைவிட்டுவிடுவீர்கள் என்றும் எச்சரித்தது.

ஓர் ஆப்டோமெட்ரிஸ்ட் இதை ஒரு வகுப்பில் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளி கிடைத்துவிட்டது. பெரும்பாலும் கதை இங்கேயே முடிந்துவிடும்.

இவர் விடவில்லை. மறுநாள் அந்த மாத்திரை சாப்பிடும் கடைசி பத்து நோயாளிகளின் கோப்புகளை எடுத்துப் பார்க்கிறார். தினம் 400 மி.கி. சாப்பிடுபவர் 80 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் அளவு கூடுதல் என்று அர்த்தம். ஆனால் நான்கு கோப்புகளில் எடையே எழுதியிருக்கவில்லை. அவருக்கு விதி தெரியும், எடை தெரியாமல் விதியை எங்கே போய்ப் பொருத்துவது?

ஏன் எழுதவில்லை? கொஞ்சம் நோண்டியதும் தெரிகிறது, அவர் பயன்படுத்தும் பரிசோதனைப் படிவத்தில் எடைக்குக் கட்டமே இல்லை. இன்னும் பத்து வகுப்புக்குப் போயிருந்தாலும் இது தெரியவந்திருக்காது. படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்கிறார். மூன்று மாதம் கழித்து அடுத்த பத்துக் கோப்பைப் பார்க்கிறார். ஒன்றில் மட்டும் எடை இல்லை. அன்று புதிதாகச் சேர்ந்த உதவியாளர் இருந்திருக்கிறார். அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். என்ன பார்த்தேன், என்ன மாற்றினேன், என்ன ஆனது என்று பத்து வரியில் எழுதி வைக்கிறார்.

தொடர்கல்வியின் முழு இயக்கமும் இதுதான். தன் வேலையில் ஓர் இடைவெளியைக் கண்டுபிடிப்பது, அதை நிரப்பக் கற்பது, நடைமுறையை மாற்றுவது, மாறியதா என்று திரும்ப அளப்பது. பழைய கோப்புகளை ஒரு தரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்குத் துறையில் ஆடிட் என்று பெயர். கணக்கு வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பத்து வரி எழுதியதற்குச் சீராய்வுக் குறிப்பு என்று பெயர். வகுப்பு இந்தச் சுற்றில் ஒரு பகுதி. அதை மட்டும் பிடித்துக்கொண்டு தொடர்கல்வி என்று சொல்வது, கண்ணாடி ஃபிரேமை மட்டும் போட்டுக்கொண்டு பவர் சரியில்லை என்பது போல.

## இரண்டாவது கண்

மேலே சொன்னவருக்குக் கோப்புகளைப் பார்க்கத் தோன்றியது. தோன்றாத விஷயங்களை என்ன செய்வது? அங்கேதான் இன்னொருவர் தேவைப்படுகிறார்.

பிரிட்டனில் 2022 ஜனவரியில் விதிகளை மாற்றினார்கள். அதுவரை 'கல்வியும் பயிற்சியும்' என்றிருந்த பெயர் 'தொழில்முறை வளர்ச்சி' என்றானது. பெயரைவிட முக்கியமானது உள்ளடக்கம். ஒவ்வொருவரும் தன் வேலைக்கு என்ன தேவை என்று முதலில் ஒரு திட்டம் எழுத வேண்டும். ஆப்டோமெட்ரிஸ்டுகள் சக தொழிலினரோடு உட்கார்ந்து நோயாளி விவரங்களை விவாதிக்கும் அமர்வு ஒன்றிலாவது கலந்துகொள்ள வேண்டும். கற்றது தன் வேலையை எப்படி மாற்றியது என்று சுழற்சிக்குள் ஒரு சக தொழிலினரோடு பேசிப் பதிவும் செய்ய வேண்டும். மருத்துவ அறிவோடு, நோயாளியிடம் பேசும் விதமும் தொழில் ஒழுக்கமும் கட்டாயப் பிரிவுகளில் அடக்கம்.

எனக்கு இதில் பிடித்தது அந்தச் சக தொழிலினர் அமர்வு. அங்கே யாரும் பாடம் நடத்துவதில்லை. "இந்த நோயாளியை நீங்களா இருந்தா அனுப்பியிருப்பீங்களா?" என்று ஒருவர் கேட்பார். நாலு பேர் நாலு பதில் சொல்வார்கள். நாம் இயல்பு என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு பழக்கம் மற்ற மூவரிடமும் இல்லை என்று அப்போதுதான் உறைக்கும். ஒரு கண் விட்ட பொட்டை மற்ற கண் பிடிப்பது இப்படித்தான்.

## வகுப்புக்குப் பணம் போடுவது யார்?

சிறிய பகுதி, ஆனால் விடக்கூடாதது. கருவி, லென்ஸ், மருந்து நிறுவனங்கள் கல்விக் கூட்டங்களுக்குப் பணம் தருவது உலகெங்கும் வழக்கம். பணம் வாங்கினாலே பாடம் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தத் தலைப்பு பேசப்படும் என்பதையே பணம் சாய்த்துவிடும். வழிகாட்டுதல் மாறியதைச் சொல்லும் வகுப்பைவிடப் புதுக் கருவியை அறிமுகப்படுத்தும் வகுப்புக்கு ஆதரவாளர் எளிதில் கிடைப்பார். இதனால்தான் அங்கீகார அமைப்புகள், பாடத்தின் உள்ளடக்கத்தில் நிறுவனம் கை வைக்கக்கூடாது, பேச்சாளருக்கு நிறுவனத்தோடு பணத் தொடர்பு இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றெல்லாம் விதி வைத்திருக்கின்றன. முதல் ஸ்லைடில் ஓடி மறையும் அந்த அறிவிப்பை நின்று படியுங்கள்.

## வழக்கமாக வரும் சில கேள்விகள்

புள்ளி முடிக்காவிட்டால் என்ன ஆகும்? விதி கண்டிப்பாக உள்ள நாடுகளில் பதிவு புதுப்பிக்கப்படாது, அதாவது தொழில் செய்ய முடியாது. சுழற்சி முடிவதற்குச் சில வாரங்கள் முன்பு ஆன்லைன் வகுப்புகளில் கூட்டம் அலைமோதுவதன் ரகசியம் இதுதான்.

நிறையப் புள்ளி வைத்திருப்பவர் நல்ல மருத்துவரா? அப்படிச் சொல்ல முடியாது. புள்ளி என்பது தரை, கூரை அல்ல. குறைந்தபட்சம் இவ்வளவு என்று மட்டும்தான் அது உறுதி சொல்கிறது.

நோயாளியாக நான் இதைச் சரிபார்க்க முடியுமா? பதிவு இருக்கிறதா என்று பார்க்க முடியும். பல குழுமங்கள் பெயர்ப்பட்டியலை இணையத்தில் திறந்தே வைத்திருக்கின்றன. புள்ளிக் கணக்கு பொதுவாக வெளியே தெரியாது.

படிப்பை இப்போதுதான் முடித்தேன், எங்கே தொடங்குவது? விதிப்படியான கணக்கை உங்கள் குழுமத்தின் கையேட்டில் பாருங்கள், அது அரை மணி நேர வேலை. அதோடு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, வேறு இடத்துக்கு அனுப்பி வைக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும், பெயர் எழுதாமல், ஒரு வரி ஒதுக்குங்கள்: தேதி, கோப்பு எண், என்ன சந்தேகத்தில் அனுப்பினேன். பக்கத்தில் ஒரு காலிக் கட்டம். இரண்டு மாதம் கழித்து, பார்த்த மருத்துவரிடம் கேட்டு, என்னவென்று முடிவானது என்பதை அதில் நிரப்புங்கள். கண் அழுத்த நோய் என்று அனுப்பிய ஐந்து பேரில் மூன்று பேருக்கு ஒன்றுமில்லை என்று வந்தால், அடுத்து எந்த வகுப்புக்குப் போக வேண்டும் என்று அந்தப் பக்கமே சொல்லிவிடும்.